நிற்காத ரேடியேட்டர் ஃபேன்: கோத்தகிரி வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வண்டி ஒரு பெட்ரோல் ஹாட்ச்பேக். கோயம்புத்தூரில் செகண்ட் ஹேண்டாக வாங்கிக் கோத்தகிரிக்குக் கொண்டுவந்தது. வைத்திருப்பவர் பள்ளி ஆசிரியை. சாவியைத் திருப்பி டேஷ்போர்டு விளக்குகள் எரிந்ததுமே, இஞ்சின் ஸ்டார்ட் ஆவதற்கு முன்பே, ரேடியேட்டர் ஃபேன் முழு வேகத்தில் ஓட ஆரம்பித்துவிடும். சாவியை எடுத்தால்தான் நிற்கும். ஜனவரிக் குளிரில் ராத்திரி முழுக்க வெளியே நின்றிருந்தாலும் அப்படித்தான்.

கூடவே இன்னும் இரண்டு புகார் சொன்னார். மைலேஜ் விழுந்துவிட்டது. ஹீட்டரைத் திருப்பினால் சில்லென்ற காற்றுதான் வருகிறது. இவை இரண்டும் வேறு ஏதோ கோளாறு என்று அவர் நினைத்திருந்தார். குன்னூரில் என் பட்டறைக்கு வண்டியை ஓட்டிவந்தது ஃபேனுக்காக மட்டும்தான்.

"ரிலே போயிருக்கும்னு சொல்லிப் புதுசு மாத்துனாங்கண்ணா. மாத்துன அன்னைக்கும் நிக்கல."

"சாவிய எடுத்தா நிக்குதுங்களா டீச்சர்?"

"உடனே நின்னுடும்."

சாவியும் ரிலேயும்

ஃபேன் நிற்கவில்லை என்று வரும் வண்டிகளை முதலில் இந்தக் கேள்வியை வைத்துத்தான் பிரிப்பேன். சாவியை எடுத்த பிறகும் ஓடுகிறது, காலையில் பார்த்தால் பேட்டரி இறங்கிக் கிடக்கிறது என்றால் சந்தேகம் ரிலேக்குள் போகும். ரிலே என்பது காயிலில் ஓடும் சின்னக் கரண்டால் ஃபேனுக்கான பெரிய கரண்டைப் போட்டு நிறுத்தும் சுவிட்ச். அதன் 30ஆம் காலில் பேட்டரி கரண்ட் எப்போதும் நிற்கும். 87ஆம் காலிலிருந்து ஃபேனுக்குப் போகும். 85, 86 இரண்டும் காயிலுக்கு. ஃபேன் கிளம்பும் கணத்தில் இழுக்கும் கரண்ட், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு அதிகம். அதில் எழும் தீப்பொறியை வருடக்கணக்கில் தாங்கிய கான்டாக்ட் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். பிறகு காயிலில் கரண்ட் இல்லாவிட்டாலும் ஃபேன் ஓடும். ரிலேயைப் பிடுங்கினால் நிற்கும். பிடுங்கியும் நிற்கவில்லையா, ரிலேயைத் தாண்டிய வயரில் எங்கேயோ நேர் கரண்ட் தொடுகிறது, அல்லது யாரோ 'டைரக்ட்' கொடுத்திருக்கிறார்கள். (ஏற்றம் ஏறிவந்து நிறுத்தியதும், சாவி எடுத்த பிறகு சில நிமிடம் ஃபேன் ஓடி நிற்பது சில வண்டிகளில் கம்பெனியே வைத்த ஏற்பாடு. அதையும் கோளாறு என்று கொண்டுவருகிறவர்கள் உண்டு.)

டீச்சர் வண்டியில் சாவியோடு ஃபேன் நின்றுவிடுகிறது, ரிலேயும் புதிது. ஆகவே கான்டாக்ட் ஒட்டவில்லை. காயிலுக்கு நிஜமாகவே கரண்ட் போகிறது. இந்த வண்டியில் காயிலின் ஒரு முனைக்குச் சாவி வழியாகக் கரண்ட் வரும், மறுமுனையை எர்த் செய்வது ஈசியூ, அதாவது இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர். அந்த எர்த் வயர் தோல் உரிந்து பாடியில் பட்டுக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஈசியூவே வேண்டுமென்று ஃபேனை ஓட்டுகிறது.

இதைக் கண்டுபிடிக்க வயரை உரித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஈசியூவில் உள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனரில் ஒரே ஒரு பக்கம் போதும். ஆனால் அதற்கு இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வண்டியை ராத்திரி பட்டறையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் போகச் சொன்னேன்.

மைனஸ் 40

ஆறிய இஞ்சினில் நான் பார்ப்பது இரண்டு அளவுகளை: கூலன்ட்டின் (இஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றிவரும் திரவம்) சூடு, இஞ்சின் உள்ளே இழுக்கும் காற்றின் சூடு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மறுநாள் காலை காற்று 11 டிகிரி என்று காட்டியது. கூலன்ட் மைனஸ் 40.

நீலகிரியில் எந்த உறைபனிக்கும் அவ்வளவு குளிர் வராது. கூலன்ட் சென்சாருக்குள் இருப்பது என்டிசி வகைத் தடை. சூடு ஏற ஏற அதன் ஓம் குறையும். பெரும்பாலான வண்டிகளில் 20 டிகிரியில் இரண்டரை கிலோ ஓம் அளவில் இருக்கும், 80 டிகிரியில் 300 சொச்சம் ஓமுக்கு இறங்கிவிடும். ஈசியூ உள்ளிருந்து 5 வோல்ட் கொடுத்து, சென்சாரைத் தாண்டி எவ்வளவு நிற்கிறது என்று பார்த்துச் சூட்டைக் கணக்கிடுகிறது. வயர் அறுந்துவிட்டால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். அளவுகோலின் அடிமட்ட எண்ணான மைனஸ் 40 திரையில் வரும். ஷார்ட் ஆனால் நேர் எதிராக 130க்கு மேல் காட்டும். ஈசியூவின் நினைவில் பதிந்திருந்த கோளாறுக் குறியீடும் பி0118, கூலன்ட் சென்சார் வழியில் வோல்ட் அதிகம் என்பது. ஷார்ட்டாக இருந்தால் பி0117 வந்திருக்கும்.

இப்படிச் சென்சார் காணாமல் போனால் ஈசியூ ஃபேனை ஓட்டிவிடும். இஞ்சின் எவ்வளவு சூடு என்று அதற்குத் தெரியாது. சூடேறிக் கெடுவதைவிடச் சும்மா ஓடுவது மேல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இதனால் ஒரு தப்பான முடிவுக்குப் பலர் வருகிறார்கள். "சென்சார் கப்ளரைக் கழட்டிப் பாத்தேன், அப்பவும் ஃபேன் ஓடுது, அப்ப சென்சார்ல ஒண்ணுமில்ல" என்பார்கள். (கப்ளர் என்பது சென்சாரில் வயரை மாட்டும் சொருகி.) கப்ளரைக் கழட்டினால் ஃபேன் ஓடத்தான் செய்யும். கப்ளரைக் கழட்டி ஸ்கேனரில் மைனஸ் 40 வருகிறதா, கப்ளரின் இரண்டு முனைகளையும் ஒரு ஜம்பர் வயரால் சேர்த்தால் எண் உச்சிக்குப் போகிறதா என்று பார்த்தால்தான் சென்சாரா, வயரா, ஈசியூவா என்று பிரிக்க முடியும்.

இங்கே அந்தச் சோதனைக்கே வேலை வரவில்லை. ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கியதும் சென்சார் மொட்டையாக நின்றது. அதன் கப்ளர் ஒரு கை தள்ளி, இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்றுச் சுற்றி, கேபிள் டை போட்டு வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. எலி கடித்ததோ தானாகக் கழன்றதோ அல்ல. தொழில் தெரிந்த கை.

டேப்பை உரித்து மாட்டினேன். கூலன்ட் 11 டிகிரிக்கு வந்தது. ஃபேன் நின்றது. கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு டீச்சருக்கு போன் போட்டேன், வண்டி ரெடி என்று சொல்ல அல்ல.

யார் கழட்டினார்கள், எதற்கு

"டீச்சர், இந்த வண்டி எங்கியாச்சும் கொதிச்சு நின்னுச்சுங்களா?"

மே மாதம். மலர்க்கண்காட்சிக் கூட்டத்தில் ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் வண்டி நகராமல் நின்றிருக்கிறது. பானெட்டுக்கு அடியில் ஆவி. ஓரம் கட்டி, யாரோ கூட்டிவந்த மெக்கானிக் பார்த்திருக்கிறார். தண்ணீர் கொதித்து வழிகிறது, ஃபேன் சும்மா நிற்கிறது. "ஃபேன் எடுக்க மாட்டேங்குது" என்று ஏதோ செய்து ஃபேனை ஓட வைத்திருக்கிறார். தண்ணீர் ஊற்றி, 'உள்ளே ஒரு வால்வையும்' எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார். மஞ்சள் இஞ்சின் விளக்கு எரியும், பரவாயில்லை என்றும் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு வண்டி கொதிக்கவே இல்லை. அதனால் இரண்டையும் அவர் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

அந்த மெக்கானிக்கை நான் குறை சொல்லமாட்டேன். சீசன் கூட்டத்தில், பின்னால் ஹார்ன் அடிக்கும்போது, பார்ட்ஸ் கடைக்கு ஓட முடியாத இடத்தில், ஒரு குடும்பத்தை வீடு போய்ச் சேர வைத்தார். 'இது தற்காலிகம்' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம்.

ஆனால் நான் கப்ளரை மாட்டியது அவர் போட்ட முடிச்சை அவிழ்த்ததுதான். ஃபேன் எதற்காக அன்று ஓடவில்லை என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அதற்குப் பதில் தெரியாமல் வண்டியை அனுப்பினால் அடுத்த ஏற்றத்திலேயே கொதிக்கும்.

94இல் நின்றுவிட்ட எண்

சாயங்காலம் பள்ளி விட்டு டீச்சர் வந்ததும் அவர் முன்னாலேயே இஞ்சினை ஐடிலிங்கில் விட்டேன். எதையும் மாற்றவில்லை, அதே மூடி, அதே தண்ணீர். ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் வெதுவெதுப்பானது. இஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வுதான் தெர்மோஸ்டாட். அது இருந்தால் 80 சொச்சம் டிகிரி வரும்வரை அந்த ஹோஸ் குளிர்ந்தே இருக்கும். 'உள்ளே இருந்த வால்வு' எது என்று தெரிந்துவிட்டது. மைலேஜும் ஹீட்டரும் ஏன் போயின என்பதும் தெரிந்தது: தெர்மோஸ்டாட் இல்லை, ஃபேன் ஓயாது, இந்தக் குளிரில் இஞ்சின் தன் சூட்டுக்கு வரவே இல்லை.

நிற்கும் வண்டி, ஓடாத ஃபேன். எண் மெதுவாக ஏறியது. 88, 90, 92, 93. 94இல் நின்றது. ரிசர்வ் பாட்டிலில் குபுகுபுவென்று சத்தம். ஃபேன் அசையவில்லை.

"பாருங்கண்ணா, அன்னைக்கும் இப்படித்தான். ஃபேனே எடுக்கல."

ஏசி பட்டனை அமுக்கினேன், ஏசிக்கும் இதே ஃபேன்தான். ஃபேன் ஓடியது. அப்படியானால் மோட்டார், ரிலே, ஃபியூஸ், வயர், ஈசியூவின் கட்டளை எல்லாமே சரி. இந்த வண்டியில் ஈசியூ ஃபேனைப் போடுவது 97 டிகிரியில், நிறுத்துவது 92இல். 97 வரவில்லை, அதனால் ஃபேன் இல்லை. ஈசியூ தப்பே செய்யவில்லை.

97 ஏன் வரவில்லை? ரேடியேட்டரில் இருந்தது வெறும் தண்ணீர். குன்னூர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,850 மீட்டர். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும், 300 மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலையும் குறையும். குன்னூரில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியில் கொதிக்கும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே 93 கூட வராது. கொதிக்க ஆரம்பித்த தண்ணீர், அழுத்தம் மாறாதவரை, அதற்கு மேல் சூடேறாது. எவ்வளவு சூடு கொடுத்தாலும் ஆவியாகப் போய்க்கொண்டிருக்கும். சென்சார் 94ஐப் பார்த்துக்கொண்டே இருக்கிறது, ஈசியூ 97க்குக் காத்துக்கொண்டே இருக்கிறது, தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கிறது.

இதைத் தடுக்கத்தான் ரேடியேட்டர் மூடி. குக்கரில் வெயிட் செய்யும் வேலையை இங்கே மூடி செய்கிறது. ஊட்டியில் குக்கர் இல்லாமல் துவரம்பருப்பு வேகாத கதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். இந்த வண்டியின் மூடியில் 1.1 பார் என்று அச்சிட்டிருந்தது. மூடி அந்த அழுத்தத்தைப் பிடித்தால் குன்னூரில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரிவரை கொதிக்காது. 97க்கும் 118க்கும் நடுவே ஃபேன் வேலை செய்யத் தாராளமாக இடம் இருக்கும்.

இஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைக் கழட்டினேன். சூட்டில் அதைத் திறக்கவே கூடாது, ஆவியும் கொதிநீரும் முகத்தில் அடிக்கும். அடியில் இருந்த ரப்பர் வளையம் பிளாஸ்டிக் மாதிரி இறுகி, ஒரு பக்கம் கீறல் விட்டிருந்தது. பிரஷர் பம்பில் மாட்டி அழுத்தினேன். முள் எழவே இல்லை.

இதே வண்டி கோயம்புத்தூரில் ஓடியபோது ஏன் கொதிக்கவில்லை என்று டீச்சர் கேட்டார். நல்ல கேள்வி. கோயம்புத்தூர் சுமார் 400 மீட்டர். அங்கே திறந்த தண்ணீர் கொதிப்பது 98 டிகிரிக்குச் சற்று மேல். 97இல் ஃபேன் வந்துவிடும். ஒரு டிகிரி சொச்ச இடைவெளியில் தப்பித்துக்கொண்டிருந்த வண்டி மலைக்கு வந்ததும் அந்த ஒரு டிகிரியையும் இழந்துவிட்டது. சமவெளியில் ஒரு வருடம் ஓட்டிப் பார்த்தாலும் இந்தக் கோளாறு கையில் சிக்கியிருக்காது. கீழே வாங்கி மேலே கொண்டுவரும் பழைய வண்டிகளில் மற்ற எதையும் பார்க்கும் முன் மூடியைப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். ஃபேன் சுவிட்ச் ரேடியேட்டரிலேயே இருக்கும் பழைய வண்டிகளுக்கும் இதே கணக்குதான்.

செய்த வேலை

மூடி ஒரு காரணம் என்று தெரிந்ததும் அதை மட்டும் மாற்றி முடித்துவிட முடியாது. ஒருமுறை கொதித்து வழிந்த இஞ்சினில், எரியும் அறையையும் தண்ணீர் வழியையும் பிரித்து அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிந்தாலும் ரிசர்வ் பாட்டில் இதே மாதிரிதான் குபுகுபுக்கும். ரேடியேட்டர் வாயில் நீல நிறச் சோதனைத் திரவத்தை வைத்துப் பார்த்தேன். எரிந்த வாயுவில் உள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டால் அது மஞ்சளாகும். நீலமாகவே இருந்தது. ஸ்பார்க் பிளக்குகளும் காய்ந்து, ஒரே நிறத்தில் இருந்தன. பம்பை ரேடியேட்டர் வாயில் மாட்டி 1.1 பாருக்கு ஏற்றி விட்டுவிட்டு டீ குடித்து வந்தேன். முள் இறங்கவில்லை. ஹோஸ், ரேடியேட்டர், வாட்டர் பம்ப் எதிலும் கசிவு இல்லை.

உள்ளே இருந்த தண்ணீர் துருவேறிச் செம்மண் நிறத்தில் இருந்தது. தெளியும்வரை அலசினேன். புது மூடி, புது தெர்மோஸ்டாட், அதன் கேஸ்கெட், கூலன்ட்டும் சுத்திகரித்த தண்ணீரும் சரிபாதி. சரிபாதிக் கலவைக்குக் கொதிநிலையும் சில டிகிரி உயரும், ஆனால் நான் அதை ஊற்றுவது முக்கியமாகத் துருவுக்காக. பிறகு காற்று வெளியேற்றம். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, குமிழி நிற்கும்வரை. சென்சார் பழசேதான், ஓம் சரியாக இருந்தது.

தெர்மோஸ்டாட்டைப் பற்றி மலைக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போடும் முன் பாத்திரத்தில் வெந்நீர் வைத்து அது திறக்கிறதா என்று பார்ப்பது நம் வழக்கம். 82 என்று அச்சிட்ட தெர்மோஸ்டாட் 82இல் திறக்க ஆரம்பிக்கும், முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி வேண்டும். ஊட்டியில் பாத்திரத் தண்ணீர் 93ஐத் தாண்டாது. அங்கே எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது பாதியோ முக்காலோதான் திறக்கும். 88 என்று அச்சிட்டது இன்னும் குறைவாகத் திறக்கும். நல்ல தெர்மோஸ்டாட்டைப் 'பழுது' என்று தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும். இந்த ஊரில் பாத்திரச் சோதனையில் பார்க்க வேண்டியது, திறக்க ஆரம்பிக்கிறதா, ஆறினால் முழுசாக மூடுகிறதா என்பதை மட்டும்தான்.

ஃபேன் மோட்டாரையும் பார்த்தேன். மே முதல் ஜனவரிவரை, வண்டி ஓடிய ஒவ்வொரு நிமிடமும் ஓடியிருக்கிறது. கிளாம்ப் மீட்டரில் 11 ஆம்பியர், அதில் தப்பில்லை. ஆனால் ரிலே சாக்கெட்டின் ஒரு கால் சூட்டில் பழுப்பேறியிருந்ததால் அந்த டெர்மினலை மாற்றினேன். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அடுத்த சர்வீஸில் பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்தேன். கையை ஃபேன் பக்கம் கொண்டுபோகும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழட்டிவிட வேண்டும். இந்த மாதிரிக் கோளாறில் ஃபேன் எப்போது கிளம்பும் என்று யாரும் சொல்ல முடியாது.

மறுபடி ஐடிலிங்கில் விட்டேன். மேல் ஹோஸ் 80 தாண்டும்வரை குளிர்ந்தே இருந்து, பிறகு சட்டென்று சூடானது. 94ஐத் தாண்டியது, பாட்டிலில் சத்தம் இல்லை. 97இல் ஃபேன் வந்தது. 92இல் நின்றது. சற்று நேரத்தில் திரும்ப வந்தது, திரும்ப நின்றது. ஹீட்டர் காற்றில் கை வைக்க முடியவில்லை.

ஐடிலிங் மட்டும் போதாது. பர்லியாறு வழியாகக் கல்லாறுவரை இறங்கி, திரும்ப ஏறினேன். இறக்கத்தில் கியரில் விட்டு வந்ததால் எண் 80களிலேயே இருந்தது. ஏற்றத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்தபோது 97 வந்து ஃபேன் ஓடியது, வழி கிடைத்துக் காற்று பட்டதும் நின்றது. ஆறிய பிறகு தண்ணீர் மட்டத்தைப் பார்த்தேன், வைத்த இடத்தில் இருந்தது.

பாகங்களின் செலவில் பெரியது தெர்மோஸ்டாட். மூடி சில நூறு ரூபாய்க்குள் முடிந்தது. டீச்சர் பழைய மூடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார், பள்ளியில் கொதிநிலைப் பாடம் எடுப்பாராம்.

சில நாள் கழித்து போன் வந்தது. கோத்தகிரியில் நல்ல மஞ்சு மூட்டம்.

"அண்ணா, ஃபேன் மறுபடியும் நிக்காம ஓடுது."

"முன்கண்ணாடில பனி படியுதுன்னு, காத்து வர்ற திசைய மாத்துற திருகைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவச்சிருக்கீங்களா?"

"ஆமாண்ணா."

அந்த நிலையில் பல வண்டிகளில் ஏசி கம்ப்ரஸர் தானாகச் சேரும், பட்டனில் விளக்குகூட எரியாது. காற்றின் ஈரத்தை ஏசி உறிஞ்சினால்தான் கண்ணாடி தெளியும். கம்ப்ரஸர் ஓடினால், ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்ஸருக்காக ஃபேனும் ஓடும், இஞ்சின் குளிர்ந்திருந்தாலும். திருகைக் காலடிப் பக்கம் திருப்பச் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டது என்றார். திரும்பக் கண்ணாடிப் பக்கமே வைத்து, தெளிந்த பிறகு வண்டியை எடுக்கச் சொன்னேன்.